மதர் வண்டியில் நான் கழற்றியவை

"முடியும்" என்று நான் சொன்னபோது அந்த வண்டியின் பானெட்டை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இதை வெட்கத்தோடு சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். கிடையாது, பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்த வயதில் என் வாயில் வேறு வார்த்தை வராது.

எழுபதுகளின் தொடக்கம் அது. மெட்ராஸ் கல்மண்டபத்தில், துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரமாக, நான்கு சவுக்குக் கம்பம் நட்டு மேலே தகரம் வேய்ந்து சொந்தமாக ஒரு ஷெட் போட்டிருந்தேன். அதற்கு முன் எட்டு வருடம் வேறொருவர் பட்டறையில் லாரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன். ஷெட்டுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பலகை வைத்துத்தான் ஆள் வர வேண்டும் என்றால் அவன் மெக்கானிக்கே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் பலகை எழுதக் கையில் காசில்லை.

ஒரு நாள் காலை ஷெட் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துவரப்பட்ட நீளமான பச்சைக் கார். அமெரிக்க வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம். பின்கதவைத் திறந்தால் ஒரு கட்டிலையே உள்ளே தள்ளிவிடலாம். அதை எங்கள் பக்கத்தில் அறியாதவர்கள் இல்லை. திருவொற்றியூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரிக்கு, வெளிநாட்டிலிருந்து யாரோ புண்ணியவான்கள் ஓரிரு வருடம் ஓட்டிவிட்டுக் கப்பலில் ஏற்றி அனுப்பியது. துறைமுகத்தில் இறங்கிய பிறகு, காகித வேலைகள் முடியும்வரை பல மாதம் உப்புக் காற்றில் நின்று, அப்புறம்தான் வெளியே வந்தது. வந்த நாளிலிருந்து ஓடியதைவிட நின்றதே அதிகம்.

கயிற்றில் வந்த காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் ஆஸ்பத்திரி டிரைவர். முன்பு துறைமுக லாரி ஓட்டியவர், அப்போதிருந்தே எனக்குப் பழக்கம். நைனா என்றுதான் கூப்பிடுவேன். இன்னொருவர் ஆஸ்பத்திரியின் தலைவி, எல்லோருக்கும் மதர். தெற்கத்திக்காரர், ஒல்லியான உருவம், குரல் மட்டும் கண்டிப்பான வாத்தியார் குரல். கவிழ்த்துப் போட்டிருந்த ஆயில் டிரம்மை நான் துடைப்பதற்குள் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை அங்கியில் கறுப்பு ஒட்டிக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது.

"மவுண்ட் ரோட்டுல பெரிய கம்பெனியில காட்டியாச்சு. அமெரிக்காவுல இருந்து சாமான் வரணுமாம், ஆறு மாசம் ஆகுமாம்" என்றார். "போன வாரம் எண்ணூர்லேர்ந்து ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வரும்போது ரயில்வே கேட்டுல வண்டி கொதிச்சு நின்னுபோச்சு. அங்கேயே, வண்டிக்குள்ளேயே பிரசவம். தாயும் பிள்ளையும் பிழைச்சது ஆண்டவன் கிருபை. எல்லாத் தடவையும் அவரையே தொந்தரவு பண்ண முடியாது. உங்களால முடியுமா, முடியாதா? யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசிக்கவில்லை. முடியும் என்றேன்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது இதை என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு ஏழாவது மாதம். வளையல் போட்ட கையோடு அடுத்த வாரம் தாய்வீட்டுக்குப் போக வேண்டியவள். தாய்வீடு எண்ணூரில், அந்த ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து வலி எடுத்தால் வருவதற்கு அந்தப் பச்சை வண்டியை விட்டால் மாட்டு வண்டிதான், இல்லையென்றால் எப்போதோ வரும் பஸ். அவள் தட்டில் இருந்த மீனை எனக்குத் தள்ளிவிட்டு, "முடியும்னு வாய் வுட்டுக்கினு வந்துட்டியா?" என்றாள்.

"முடியும்."

"அப்ப சரி. நான் அந்த வண்டிலதான் வருவேன். வேற எதுலயும் ஏற மாட்டேன். ஊட்ல எல்லாருக்கும் சொல்லி வெச்சிடறேன், எங்க ஊட்டுக்காரர் ரிப்பேர் பண்ண வண்டின்னு."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளை எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அவள் உண்மையிலேயே எண்ணூர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் பானெட்டைத் திறந்தேன். ஆறு சிலிண்டர் எஞ்சின், அது தெரிந்த விஷயம். ஆனால் அதன் மேலும் பக்கத்திலும் ரப்பர் குழாய்களும் மெல்லிய இரும்புக் குழாய்களும் பின்னிக்கொண்டு, எஞ்சினையே காணோம். நடுவில் உருளையாக ஒரு பம்ப். எஞ்சினின் பெல்ட் அதையும் சுற்றிக்கொண்டு, அதே பெல்ட்டே ரேடியேட்டருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பையும் சுற்றியது. கையால் திருகிப் பார்த்தேன், உருளைப் பம்ப் அசையவில்லை. உப்புக் காற்று உள்ளே புகுந்து துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அது இறுகியதால் பெல்ட் தேய்ந்து, கருகி, அறுந்தது. பெல்ட் அறுந்ததும் தண்ணீர் ஓடாமல் எஞ்சின் கொதித்தது. வியாதி இவ்வளவுதான். பெரிய கம்பெனி இத்தனை நாளாக வெறும் பெல்ட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது.

சரி, இந்தப் பம்பைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தேன். நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ் மெக்கானிக்கு, அத்த தொடாத. அது பிரேக்குக்கு காத்து அடிக்கிற பம்பு. லாரில கீது பாரு, அதேதான். அத்த கயட்டினேன்னு வெச்சுக்க, வண்டி எங்கியும் நிக்காது. நேரா சமுத்திரத்துலதான் போய் நிக்கும்."

சிரிக்க வேண்டிய பேச்சு இல்லை. துறைமுகத்தில் ஓடிய பெரிய லாரிகளில் காற்று பிரேக் உண்டு. பெல்ட்டில் சுற்றும் பம்ப் காற்றை அடித்து வைக்கும், அந்தக் காற்றுதான் சக்கரத்தைப் பிடிக்கும். லாரிக்கே பழகிய எங்கள் தெருவில் எஞ்சின் பக்கத்தில் காற்று பம்பைப் பார்த்தால் பிரேக் ஞாபகம்தான் வரும். பக்கத்து ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்களும் பிரேக் என்றே சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் எனக்கு ஒரு பழக்கம். குழாயைப் பார்த்தால் அது எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போவேன். தொட்டுக்கொண்டே போனேன். பம்பிலிருந்து வந்த குழாய் ஆறாகப் பிரிந்து, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழலுக்குள் ஆறு இடத்தில் நுழைந்தது. பிரேக் பக்கமே போகவில்லை. எரிந்து முடிந்து வெளியே போகிற புகைக்குள் எதற்காக ஒருவன் காற்றை ஊதுவான்? சாப்பிட்டு எறிந்த இலையில் மறுபடி சோறு பரிமாறுவது மாதிரி இருந்தது.

அது எதற்கு என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் பொருத்த வந்த ஒரு வெள்ளைக்காரர் சொன்னார்: புகையில் எரியாமல் மிச்சம் இருப்பதை எரித்து, வெளியே விடுகிற புகையைச் சுத்தமாக்கத்தான் அந்தப் பம்ப். மதர் இதைத் தமிழில் சொன்னதும் நைனா வாசலுக்குப் போய், வானத்தில் தெரிந்த தொழிற்சாலைப் புகைபோக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "மொதல்ல அதுங்களுக்கு ஒண்ணு ஒண்ணு வாங்கியாந்து மாட்டச் சொல்லு மதர்" என்றார். இன்று என் மகள் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், சுத்தம் செய்கிற மிஷினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெருமை வேறா என்று திட்டுகிறாள். திட்டட்டும். அவள் அப்படித் திட்டுகிற அளவுக்குப் படித்திருப்பதும் எனக்குப் பெருமைதான்.

அன்று நைனாவுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்தது. பெல்ட்டையே கழற்றி வைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினேன். பக்கத்தில் அவரை உட்காரவைத்து, கொதிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நேர் சாலையில் வேகமாக ஓட்டினேன். எதிரே கருவாட்டு மூட்டை ஏற்றிய கைவண்டி. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. நைனா சிலுவை போட்டுக்கொண்டார், அவர் கிறிஸ்தவரே இல்லை.

"பிரேக் புடிக்குதா நைனா?"

"புடிக்குது. கயட்டிக்கோ."

மதர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கழற்றுவது எதையும் எடைக்குப் போடக்கூடாது, எல்லாம் பெட்டியில் வைத்துத் தர வேண்டும். ஒரு தேயிலைப் பெட்டி வாங்கினேன். பம்ப், அதன் இரும்புத் தாங்கி, ரப்பர் குழாய்கள், ஆறு மெல்லிய குழாய்கள், எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, எது எங்கிருந்து வந்தது என்று அட்டையில் எழுதிக் கட்டினேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அன்று முத்து முத்தாக எழுதினேன்.

குழாய்களைப் பிடுங்கிய இடத்தில் புகைக் குழலில் ஆறு ஓட்டைகள். அவற்றை மூடாவிட்டால் வண்டி துப்பாக்கி மாதிரி வெடித்துக்கொண்டு போகும். திருவொற்றியூரில் லேத்து வைத்திருந்த என் கூட்டாளியிடம் அளவு கொடுத்தேன். அவன் கப்பல் உடைசலில் கிடைத்த பித்தளையில் ஆறு ஆணிகள் கடைந்து கொடுத்தான், திருகு மரை போட்டு, தலையில் ஸ்பானர் பிடிக்க ஆறு பட்டை வைத்து. "ஆஸ்பத்திரி வண்டி மச்சி, கூலி வாணாம்" என்றான். ஆறையும் முடுக்கி முடித்தபோது கறுத்த எஞ்சினில் அவை தங்கமாக மின்னின. சின்ன பெல்ட் ஒன்று பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கிடைத்தது. போட்டுக் கிளப்பினேன். கொதிக்கவில்லை. அரை மணி நேரம் நின்ற இடத்தில் ஓடவிட்டேன், அப்படியும் கொதிக்கவில்லை. லாரிக்காரர்கள் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். திமிர் என்னை விடவில்லை.

பானெட்டின் ஓரத்தில் ஒரு கறுப்பு டப்பா மிச்சம் இருந்தது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கார்புரேட்டர் பக்கம் போயிற்று. இன்னொன்று வண்டிக்கு அடியில் புகுந்து பின்னால் எங்கோ மறைந்தது. டப்பாவை ஆட்டினால் கடகடவென்று சத்தம். கழற்றி அடிப்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே கரித்துண்டுகள்.

"இன்னாபா இது, அமெரிக்காக்காரன் கரி அனுப்பிக்கிறான்? இஸ்திரி போடறதுக்கா?" என்றார் நைனா.

எஞ்சினுக்குக் கரி எதற்கு? பம்பைக் கழற்றியும் வண்டி நன்றாக ஓடுகிறது, இதையும் கழற்றினால் இன்னும் நன்றாக ஓடும் என்று என் கணக்கு. இந்த முறை குழாயைக் கடைசிவரை தொட்டுக்கொண்டு போகவில்லை. வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும், புதுச் சட்டை போட்டிருந்தேன், சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் போன குழாயின் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்து, கம்பியால் இறுக்கிக் கட்டினேன். கரி டப்பாவும் தேயிலைப் பெட்டிக்குள் போனது.

வண்டி ஓடியது. ரயில்வே கேட்டில் உச்சி வெயிலில் நின்று ஓடியது, எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே தறி நாடா மாதிரி போய்வந்தது. என் மனைவி தாய்வீட்டுக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவளைப் பார்க்கப் போவேன். எண்ணூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், "பச்ச வண்டி மெக்கானிக்கு வந்துக்கினு கீறாரு" என்று பெண்கள் சொல்வது காதில் விழும். நடையை மெதுவாக்கிக்கொள்வேன்.

அவளுக்கு நாள் நெருங்கிய ஒரு ஞாயிறு. நான் போய்ச் சாப்பிட உட்கார்ந்த நேரம் வலி எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் பறந்தார். முக்கால் மணி நேரத்தில் பச்சை வண்டி வாசலில் நின்றது, நைனாவோடு. என் மனைவி யாருடைய கையையும் பிடிக்காமல் தானே நடந்து வந்து பின்னால் ஏறிப் படுத்தாள். மாமியார் ஜெபமாலையோடு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். நான் முன்னால். தெருவே நின்று பார்த்தது. அவள் முகத்தில் வலிக்கு நடுவே ஒரு மிதப்பு இருந்தது. என் முகத்திலும் இருந்திருக்கும்.

கத்திவாக்கம் தாண்டிய கொஞ்ச தூரத்தில் வண்டி ஒருமுறை விக்கியது. மறுபடி விக்கியது. அப்புறம் மூச்சு அடங்கி, ஓரமாகப் போய் நின்றுவிட்டது.

ஒரு பக்கம் மணல், அதற்கு அப்பால் கடல். நிழல் என்று எதுவும் இல்லை. பானெட்டைத் திறந்தேன். பெல்ட் ஒழுங்காக இருந்தது. தண்ணீர் கொதிக்கவில்லை. ஆறு பித்தளை ஆணிகளும் இருந்த இடத்தில் இருந்தன. கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி நைனாவை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னேன். ஒரு சொட்டு வரவில்லை.

"பெட்ரோல் போட்டியா நைனா?"

"டாங்கு ரொம்பி கீதுபா. நேத்து மதரே ரொப்பச் சொல்ட்டாங்க. நாளிக்கி கெடைக்குமோ கெடைக்காதோன்னு ஊர்ல பேசிக்கினு கீறாங்களே. இல்லாங்காட்டி டெய்லி அஞ்சு லிட்டர்தான் போடுவோம்."

பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "இன்னாயா, உன் வண்டி நின்னுக்கினு கீது?"

மாமியார் ஜெபத்தை நிறுத்தாமலே என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டியதில்லை.

டாங்க் நிறைய பெட்ரோல், முன்னால் ஒரு சொட்டு இல்லை. டாங்கில்தான் ஏதோ அடைத்திருக்கிறது, குச்சி விட்டுப் பார்க்கலாம் என்று பின்னால் ஓடி மூடியைத் திருகினேன். மூடி கழன்றதும் உஸ்ஸ் என்று வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. டாங்கின் தகரம் டம் என்று ஒரு சத்தம் போட்டு நிமிர்ந்தது. குனிந்து பார்த்தேன். பின்னாலிருந்து முன்னால் ஓடிய அந்த ரப்பர் குழாய் டாங்கின் மண்டையிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

எண்ணெய் டின்னை உடைக்கிற எவளைக் கேட்டாலும் சொல்வாள், இரண்டு ஓட்டை போட வேண்டும் என்று. ஒன்று எண்ணெய் வெளியே வர, ஒன்று காற்று உள்ளே போக. எங்கள் ஊர்க் கார்களுக்கு அந்த இரண்டாவது ஓட்டை டாங்க் மூடியிலேயே இருக்கும். அதனால் அதைப் பற்றி நாங்கள் நினைப்பதே இல்லை. இந்த வண்டியின் மூடியில் ஓட்டை கிடையாது. பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் அந்தக் கரி டப்பா வழியாகத்தான் டாங்க் மூச்சுவிட்டது, அந்த மூக்கில்தான் நான் போல்ட்டை அடித்து வைத்திருந்தேன். தினமும் காலையில் ஐந்து லிட்டர் போட மூடியைத் திறந்ததால் இத்தனை நாளும் பிழைத்தது. நேற்று வழிய வழிய நிரப்பிய பிறகு யாரும் மூடியைத் திறக்கவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றார் நைனா.

"ஒண்ணும் இல்ல நைனா, காத்து. கெளப்பு."

மூடியைப் பையில் போட்டுக்கொண்டு, டாங்கின் வாயில் என் கைக்குட்டையைத் தளர்வாகச் செருகினேன். இரண்டு மூன்று தடவை முனகிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரயில்வே கேட் திறந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள், கதவு சாத்தப்பட்டது.

நான் தாழ்வாரத்தில் நின்றேன். பையில் அந்த மூடி கனத்தது. யாருக்கும் தெரியாது. வண்டி பழையது, ஏதோ அடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனால் என் பெயர் அப்படியே நிற்கும். அதையும் நினைத்தேன், மறைப்பானேன். ஆனால் எண்ணூரிலிருந்து இன்னொருத்தி அந்த வண்டியில் ஏறுவாள், என் மனைவியின் வாயை நம்பி ஏறுவாள். அவள் புருஷன் மெக்கானிக்காக இருக்க மாட்டான்.

நான்கு மணி இருக்கும். மதர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

என் வாயில் முதலில் வந்தது நன்றி இல்லை. "மதர், வழில வண்டி நின்னுபோச்சு. என் தப்பு. கயட்டக் கூடாதத கயட்டிட்டேன்." மூடியை நீட்டினேன். கரி டப்பா, போல்ட், எண்ணெய் டின், எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். நைனா தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மதர் மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார், வண்டியை மவுண்ட் ரோட்டுக்கே அனுப்புவார் என்று காத்திருந்தேன்.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம். இதுல சின்னதா ஒரு ஓட்ட போடணும். அந்த போல்ட்ட புடுங்கணும்."

மூடியை என் கையில் திருப்பி வைத்தார். "அப்போ முதல்ல அதைப் பண்ணுங்க. குழந்தையை அப்புறம் பாக்கலாம். காட்டுப்பள்ளியில இருந்து ஒரு பொண்ணைப் படகுல எண்ணூர்க் கரைக்குக் கொண்டு வராங்களாம், ஆள் வந்து நிக்குது. வண்டி போகணும். உங்க வண்டியை விட்டா எனக்கு வேற வண்டி இல்லை."

உங்க வண்டி என்றார். அந்த வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டில்களைப் பழுதுபார்க்கும் தச்சரின் கை டிரில் ஒன்று கொட்டகையில் கிடந்தது. மூடியைப் படிக்கட்டில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு, இருப்பதிலேயே மெல்லிய முனையால் ஓட்டை போட்டேன். வாயை வைத்து ஊதிப் பார்த்தேன், காற்று போயிற்று. சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் குழாயைக் கடைசிவரை விரலால் தொட்டுக்கொண்டு போனேன். போல்ட்டைப் பிடுங்கி, குழாயின் வாயில் தூசி போகாமல் மெல்லிய துணி கட்டி, எஞ்சின் சூடு படாத இடமாகத் திருப்பி வைத்தேன். மூடியைத் திருகிவிட்டு நைனாவிடம் தலையாட்டினேன்.

அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "மெய்யாலுமே போலாமாபா?"

இந்த முறை யோசித்தேன். ஒவ்வொரு குழாயாக மனசுக்குள் தொட்டுப் பார்த்தேன். "போ நைனா."

பச்சை வண்டி வாசலைத் தாண்டி வடக்கே திரும்பியது. எஞ்சின் சத்தம் மற்றச் சத்தங்களோடு கலந்து காணாமல் போகும்வரை வாசலிலேயே நின்றேன். விக்கவில்லை. அப்புறம்தான் உள்ளே போனேன்.

என் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணி மூட்டையாக என் மகள். நான் கிட்டே போனதும் கண்ணைத் திறந்து என் சட்டையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். நான் குழந்தையைத் தொடப் போனதும் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வண்டி போச்சா?"

"போச்சு."

"நிக்காதே?"

"நிக்காது."

பிறகு, "கைய கழுவிக்கினு வா" என்றாள். கழுவிக்கொண்டு வந்தேன். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அவள் அதைப் பார்த்தாள், குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.